நல்ல பிள்ளைகளை நம்பாத அக்கா

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. "என் பேரு ஃபைல்ல வேண்டிய மட்டும் இருக்கு, நீ வேற எங்கயும் எழுதித் தொலைக்காதே" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் நான் ஒழுங்காகக் கேட்டது அநேகமாக இது ஒன்றுதான். கேட்டே ஆக வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. அது இரண்டு வருஷமாக என்னைக் குடைகிறது.

கொல்கத்தாவில் மனநோய்க்கென்று இருக்கிற அரசு மருத்துவமனை ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘பியர் சப்போர்ட்’ என்று போட்டிருக்கும். தானும் ஒரு காலத்தில் இதே நோயில் கிடந்து எழுந்தவர்கள், இப்போது கிடக்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணையிருக்கிற வேலை. டாக்டர் இல்லை, சிஸ்டர் இல்லை, ஆயாவும் இல்லை. "அப்போ நீ யாரு?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். "உனக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல படுத்திருந்தவ" என்பாள்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். கண்ணாடியின் ஒரு பக்கக் காது உடைந்து அங்கே கறுப்பு நூல் கட்டியிருக்கும். ரப்பர் செருப்பு. கையில் எந்நேரமும் மண் குவளையில் டீ. நாக்கு பொசுங்குகிற சூட்டில் குடித்தால்தான் அவளுக்கு அது டீ. ஆறிய டீயை யாராவது நீட்டினால் போச்சு, கொடுத்தவனின் ஏழு தலைமுறையையும் வங்காளியில் இழுத்துவிட்டுத்தான் ஓய்வாள். தேங்க்ஸ் என்ற வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. யாராவது அவளுக்குச் சொன்னாலும் பிடிக்காது. "அது கிளம்பிப் போறவங்க சொல்றது. நீ எங்கயாவது கிளம்பறியா?" என்று கேட்பாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் புகுந்த வீட்டுக்காரர்களுக்கு லேக் மார்க்கெட் பக்கம் கடை. அப்பளம், வடகம், இட்லி அரிசி, காப்பிப் பொடி. கடை எவ்வளவு பிரசித்தமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாக என் வாய் பிரசித்தம். காய்கறிக்காரன், தண்ணீர் லாரிக்காரன், பள்ளிக்கூடத்து மிஸ், என் மாமியார் என்று ஒருத்தரையும் விட்டதில்லை. ஒரு வருஷம் அந்த வாய் தானாக ஓய்ந்தது. யார் என்ன சொன்னாலும் சரி என்றேன். வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். "இப்பத்தான் குடும்பத்துப் பொண்ணா அடங்கிட்டா" என்று மாமியார் கோயிலுக்கு வேண்டுதல்கூடச் செலுத்தினாள். அப்புறம் ஒரு மத்தியானம் ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றிருந்தேன். யாரோ பார்த்துக் கையைப் பிடித்தார்கள். அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

வார்டில் நான் உத்தமி. காலையில் போர்வையை நாலு மூலையும் சேர்த்து மடிப்பேன். கொடுத்த மாத்திரையை விழுங்கி, கேட்காமலே வாயைத் திறந்து காட்டுவேன். எல்லோருக்கும் தேங்க்ஸ். சிஸ்டர்கள் ‘லொக்கி மெயே’ என்று என் தலையைத் தடவினார்கள். லட்சுமி போன்ற பெண் என்று அர்த்தம். சொன்னபடி கேட்கிற பெண்ணை வங்காளிகள் அப்படித்தான் கொஞ்சுவார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்துதான் அக்கா என் கட்டிலுக்கு வந்தாள் என்று பிறகு தெரிந்தது. கத்துகிறவர்களையும் தட்டை வீசுகிறவர்களையும் தாண்டி நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவள் யாரையும் அப்படிக் கேட்டதே கிடையாது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தமிழில், "இந்த ரூம்ல எதைப் பார்த்தா உனக்குப் பத்திக்கிட்டு வருது?" என்றாள். பதினோரு நாளாகத் தமிழ் காதில் விழாமல் இருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரொம்ப யோசித்து, "அந்த ஃபேன்" என்றேன். அது கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி, ஃபேனைத் திட்டு."

எனக்கு வாய் வரவில்லை. ஊரைத் திட்டினவளுக்கு ஒரு ஃபேனைத் திட்டத் தெம்பில்லை.

"அவசரமில்ல. நாளைக்கு வரேன். அதுக்குள்ள ஒண்ணு யோசிச்சு வை" என்று எழுந்து போனாள்.

ஃபேனை நான் கடைசி வரை திட்டவில்லை. நாலாம் நாள் மத்தியானம் பருப்பு என்று எதையோ ஊற்றினார்கள், அதில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. "இதுக்குக் கங்கைத் தண்ணியவே குடிச்சிட்டுப் போவேன்" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து விறுவிறுவென்று டாக்டர் அறைக்குப் போய், "பருப்பைத் திட்டிட்டா. இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த டாக்டரம்மா அதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார் என்பதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

நல்ல பிள்ளையாக இருக்கிறவர்களை அக்கா நம்ப மாட்டாள். அவளுடைய வைத்தியம் முழுக்க அந்த ஒன்றில்தான் நின்றது. வெளிநோயாளி மண்டபத்தில் இருநூறு பேர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அக்கா அந்தக் கூட்டத்தில் யார் இடம் விட்டுக் கொடுக்கிறார்கள், யார் மூன்று மணி நேரமாக முணுமுணுக்காமல் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவாள். ஹவுராவிலிருந்து ஒரு அம்மா கல்லூரிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்க வந்த கேஸ். "இப்ப என் பேச்சைத் தட்டறதே இல்ல திதி, தங்கமா இருக்கா" என்றாள் அந்த அம்மா; திதி என்றால் வங்காளியில் அக்கா. அக்கா அம்மாவை விட்டுவிட்டுப் பெண்ணிடம், "உங்கம்மா போடற டீ எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நல்லா இருக்கும் என்றது பெண். இன்னொரு தரம் கேட்டாள். நல்லா இருக்கும். மூன்றாவது தரம் கேட்டபோது அது தலையைக் குனிந்துகொண்டு, "இஞ்சி ஜாஸ்தி" என்றது. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தது. அழுகையினூடே சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தவில்லை, கூட்டினார்.

அந்த அம்மா சும்மா போகவில்லை. பெற்ற தாய்க்கு எதிராகப் பெண்ணைத் தூண்டிவிட்டாள் என்று எங்கள் கோஆர்டினேட்டரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். கோஆர்டினேட்டர் பியர் சப்போர்ட் வேலையில் அதற்குள் நானும் சேர்ந்திருந்த எங்கள் ஆறு பேரையும் மேய்க்கிற இளம் வயதுக்காரர். லேப்டாப்பும் கையுமாக இருப்பார். கெட்டவர் இல்லை. அவர் திட்டத் திட்ட அக்கா பொட்டலத்திலிருந்து ஜால்முடிக் காரப்பொரியை ஒவ்வொரு வாயாகப் போட்டு மென்றுகொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "அவர் திட்டினது நல்லதுக்கு. அவர் உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு தெரியுது" என்றாள்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். மருத்துவமனை வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவள், அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெஹாலாவில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் கட்டிக்கொண்டு போனாள். இரண்டாவது வருஷம் தலை கலங்கியது. புருஷன் வீட்டார் இந்த மருத்துவமனையில் கொண்டு வந்து விட்டவர்கள் திரும்ப வரவில்லை.

"பதினேழு வருஷம் இங்கயே இருந்தேன்" என்றாள். "நோய் ரெண்டே வருஷத்துல தணிஞ்சிடுச்சு. மிச்சம் பதினஞ்சு வருஷம் லொக்கி மெயேவா இருந்தேன். சிஸ்டருங்களுக்குத் துணி மடிச்சுக் கொடுத்தேன், வார்டைப் பெருக்கினேன். யாரையும் தொந்தரவு பண்ணல பாரு, அதனால யாருக்கும் என் ஞாபகமே வரல. ஒருநாள் ஒரு புது டாக்டர் வந்தார். அவர்கிட்ட கத்தினேன். அப்புறந்தான் ஃபைலைத் தூக்கிப் பார்த்தாங்க."

டீயை ஒரே மடக்கில் முடித்துக் குவளையைத் தரையில் போட்டு உடைத்தாள். நானும் என் குவளையைப் போட்டு உடைத்தேன்.

என்னை இந்த வேலைக்கு இழுத்ததும் அவள்தான். "உனக்கு வாய் இருக்கு, அனுபவமும் இருக்கு, வேற என்ன வேணும்" என்றாள். பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. நமக்கு நோய் திரும்ப வரும்போது முதலில் என்னென்ன மாறும் என்று ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருத்தரிடம் கொடுத்து வைக்க வேண்டும். நோய் வந்தபின் நமக்கே தெரியாது, மற்றவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பயிற்சியில் கூட இருந்தவர்கள் கணவனிடமோ அண்ணனிடமோ கொடுத்தார்கள். நானும் அக்காவும் எங்களுக்குள் மாற்றிக்கொண்டோம்.

என் தாளில் மூன்று வரி. சண்டை போடாவிட்டால். எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னால். மாமியார் என்னைப் புகழ்ந்தால். அக்கா படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் தாளிலும் மூன்று வரிதான். எழுத ஆரம்பித்தால். பக்கத்தில் டீ ஆறிக் கிடந்தால். மூன்றாவது வரி எனக்கு நேராக எழுதியது: ‘நல்லா இருக்கேன்னு சாதிப்பேன், நம்பாதே, அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சொல்.’ அதை மடித்து என் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

எழுத ஆரம்பித்தால் என்று அவள் எழுதியதற்குக் காரணம் உண்டு. எழுதுவது அவளுக்கு ஆகாது. அன்றாடம் யாரிடம் என்ன பேசினோம், என்ன முன்னேற்றம் என்று கட்டம் கட்டமாக ஒரு ரிஜிஸ்டர் நிரப்ப வேண்டும். அக்கா எல்லாக் கட்டத்துக்கும் குறுக்கே ஒரே வரி எழுதுவாள். ‘உட்கார்ந்தேன். டீ குடித்தோம்.’ மறுநாளும் அதே வரி. கோஆர்டினேட்டர் தலையில் அடித்துக்கொள்வார். "இதை வைத்து மேலே நான் என்ன காட்டுவது?" என்பார். "டீயைக் காட்டுங்க" என்பாள்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்கு முந்தைய மாதம். தெருக்களில் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். சால்ட் லேக்கில் இருக்கிற சுகாதாரத் துறை ஆபீஸிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து பார்த்து, எங்களை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை, கோஆர்டினேட்டர் முகமெல்லாம் பல்லாக எங்களைக் கூப்பிட்டார். அக்காவின் ரிஜிஸ்டர் மேஜைமேல் விரித்திருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் நாலு பக்கம். ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முத்து முத்தான வங்காளி எழுத்து. "இதுதான் டாக்குமென்டேஷன். எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா சிரித்தாள். நான் கண்ணாடிக் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் அவளைத் தனியாகப் பிடித்தேன். "அக்கா, தூங்கறீங்களா?"

"ஏன், எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். இத்தனை நாள் சோம்பேறித்தனமா இருந்துட்டேன், அவ்ளோதான்."

நம்பாதே என்று அவள் கைப்பட எழுதிக் கொடுத்தது கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. எனக்கு நம்ப வேண்டியிருந்தது, நம்பினேன். போய்ச் சொன்னால் என்ன ஆகும்? நோய் திரும்பியவர்களை வைத்தா வேலை வாங்குகிறீர்கள் என்று சால்ட் லேக்காரர்கள் கேட்பார்கள். ஆறு பேர் வேலையும் போகும். அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தவள் என்று தெரிந்தும் என் வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்தார்கள் என்றால் அது கழுத்தில் தொங்குகிற அட்டையால்தான். அக்காவுக்காகப் பேசாமல் இருந்தேன் என்று கொஞ்ச நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். ஊரெல்லாம் கிழிக்கிற வாய், வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது.

அதிகாரிகள் வந்த அன்று அக்கா அருமையாகப் பேசினாள். அவர்கள் ரிஜிஸ்டர் பக்கங்களை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் டீ ஆறி, மேலே ஆடை படிந்து கிடந்தது. நான் அந்த ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். திட்டத்தை ஒரு வருஷம் நீட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண்கள் எனக்கு ஃபோன் செய்து, முந்தின நாள் காலையில் கிளம்பினவள் திரும்பவில்லை என்றார்கள். மத்தியானம் ஹவுரா ஸ்டேஷனிலிருந்து ரயில்வே போலீஸ் கூப்பிட்டது. அவள் பையில் என் நம்பர் இருந்ததாம். ஓடினேன். எல்லோரும் ஆளுக்காள் காத்திருப்பார்களே, அந்தப் பெரிய கடிகாரத்துக்குக் கீழே, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. தாள் தீர்ந்துபோய்க் கையில் முழங்கை வரைக்கும் எழுதியிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "பன்னண்டு நாள்" என்றாள். ரிஜிஸ்டரைப் பார்த்த திங்கட்கிழமையிலிருந்து நான் பேசாமல் இருந்த நாளை எண்ணி வைத்திருந்தாள்.

அவள் வேலை பார்த்த அதே வார்டில், ஒன்பதாம் நம்பர் கட்டிலில் போட்டார்கள். தற்காலிகமாக என்று சொல்லிக் கோஆர்டினேட்டர் அட்டையை வாங்கிக்கொண்டார். நேற்றுவரை அவளைத் திதி என்று கூப்பிட்ட சிஸ்டர்கள் இப்போது நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் குழுவில் மற்ற நாலு பேர் அந்த வார்டுப் பக்கமே வருவதில்லை. அவளைப் பார்த்தால் தங்களையே பார்ப்பது போல இருந்திருக்கும். நான் தினமும் போனேன். ஃபிளாஸ்க்கில் டீ கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்தில் பரபரப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பாள். என் முகத்தை, நான் ஆயாவிடம் பேசுவதை, சிஸ்டரிடம் பேசுவதை.

அவள் என்ன பார்த்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. வெளிநோயாளி மண்டபத்தில் ஒருவன் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனான், நான் ஒதுங்கிக்கொண்டேன். கோஆர்டினேட்டர் கூடுதலாக இரண்டு வார்டு பார்க்கச் சொன்னார், சரி என்றேன். வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்றார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு சிஸ்டர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னாள்: "உன் ஒன்பதாம் நம்பர் என்ன சொல்கிறாள் தெரியுமா? நீ யாரோடும் சண்டை போடுவதில்லையாம். டாக்டரைக் கூப்பிட்டு உன்னைக் காட்ட வேண்டுமாம்." அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றேன்.

கூடுதல் வார்டு வேலையில் அவளைப் பார்க்க முடியாமல், நாலு நாள் கழித்துப் போனபோது அக்காவுக்குக் கண் சொருகியிருந்தது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. உதட்டோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமில்லை.

"உன் மாமியா... உன்னைப் புகழ்ந்தாளா?"

 முந்தின நாள்தான் மாடி வீட்டு வங்காளி மாமியிடம் மாமியார், "இந்த வேலைக்குப் போனதுலேர்ந்து என் மருமக குணமே மாறிடுச்சு, வாயைத் திறக்கறதில்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கேட்டு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சந்தோஷம்கூட வரவில்லை.

"உன் தாள்ல மூணாவது வரி" என்றாள் அக்கா. "போ. இன்னிக்கே போ."

எழுந்து போனேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார், மருந்தை மாற்றினார், வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மூன்று வாரம் என்னைத் தனியாக விடக் கூடாது என்றார். அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த வாரத்தில் ஏதோ ஒரு மத்தியானம் ஏரிக்கரையில் நின்றிருப்பேன். இது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். கட்டிலில் கிடந்துகொண்டு, அட்டை இல்லாமல், அக்கா அவள் வேலையைச் செய்தாள். அட்டையோடு நடமாடிய நான் என் வேலையைச் செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்து வார்டுக்கு வந்தேன். சிஸ்டர் மேஜையில் வார்டு நோட்டு திறந்து கிடந்தது. நான் அவளைப் பார்க்கப் போகாத அந்த நாலு நாளின் பக்கங்களைப் புரட்டினேன். ஒன்பதாம் நம்பர், முதல் நாள்: வேறொருவருக்கு நோய் என்று திரும்பத் திரும்பச் சொல்லி ஊழியர்களைத் தொந்தரவு செய்கிறாள். இரண்டாம் நாள்: அதே பிடிவாதம், டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தல், ஊசி போடப்பட்டது. மூன்றாம் நாள்: தட்டை வீசினாள், ஊசி போடப்பட்டது. நாலாம் நாள்: ஊசி போடப்பட்டது. என்னைக் காப்பாற்றச் சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் அவளுக்கு ஒரு ஊசி. அதை நோயின் அறிகுறி என்று அழகாக எழுதி வைத்திருந்தார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நோட்டைத் தூக்கி மேஜையில் அறைந்தேன். வங்காளியில் ஆரம்பித்து, போதாமல் இந்திக்குப் போய், அதுவும் போதாமல் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் முடித்தேன்.  வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூச்சு வாங்க நான் நிறுத்தினபோது ஒன்பதாம் கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"வந்துட்டா. சண்டைக்காரி தேறிட்டா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதோடு முடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருக்கும். மறுநாள் காலையில் அக்காவின் போர்வை நாலு மூலையும் சேர்த்து மடித்திருந்தது. மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டினாள். பருப்பை ஒரு சொல் சொல்லாமல் குடித்தாள். ஒரு வாரத்தில் சிஸ்டர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். லொக்கி மெயே என்றார்கள். வார்டு நோட்டில் ‘அமைதி, ஒத்துழைக்கிறாள், வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று எழுதினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எதைப் பார்த்தா பத்திக்கிட்டு வருது அக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். என்னை அம்மா போட்டு அவள் கூப்பிட்டதே இல்லை.

இந்தத் தடவை நான் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் வேறு மருத்துவமனைக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் முன்னால் டிக்கெட் குவிந்து கிடந்தது. "தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், சொன்னபடி கேட்கிறாள். உங்களுக்கு வேறு என்ன வேண்டும்?" என்றார். கோஆர்டினேட்டரிடம் போனேன். அவர் சங்கடத்தோடு, "நீங்களே போன மாதம் லீவில் இருந்தீர்கள்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தபோது நம்பினவர்கள், உண்மையைச் சொன்னபோது என் ஃபைலைப் பார்த்தார்கள்.

கரக்பூரிலிருந்து அவள் தம்பி வந்தான். அவனிடம் கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்த தாளை எடுத்துக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "எழுதினாத்தானேக்கா ஆபத்துன்னு போட்டிருக்கு? இப்ப பேனாவையே தொடலையே" என்றான். அவன் சொன்னதும் சரிதான். அடங்கிப்போவதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. ஊரில் எல்லோரிடமும் அதைக் கண்டுபிடித்தவள், பதினஞ்சு வருஷம் தான் அப்படி இருந்ததைத் தன் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டாள். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இப்பத்தான் அக்கா நான் சொன்னதைக் கேக்கறா" என்று தாளை மடித்து என்னிடமே கொடுத்தான். அதன்பின் அவன் எங்கள் ஃபோனை எடுத்ததில்லை.

டாக்சி வாசலில் நின்றது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. டீக்கடையில் ஒரு குவளை டீ வாங்கி, அவள் கையெழுத்துப் போட்டு, மூட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்வரை, முக்கால் மணி நேரம் பெஞ்சில் வைத்து ஆறவிட்டேன். மேலே ஆடை படிந்தது. அவள் வந்ததும் அதைக் கையில் கொடுத்தேன். திட்டு, என் தலையில் கொட்டு, மூஞ்சியில் ஊற்று என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

அக்கா குவளையை இரண்டு கையாலும் வாங்கினாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள். உடைக்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்து, "தேங்க்ஸ்" என்றாள்.